நூறாண்டு வெள்ளமும் வீட்டுக் காப்பீடும்

புணே நகரின் வடகிழக்கில் விமான நிலையத்தை அடுத்து அமைந்துள்ள குடியிருப்பு விமான் நகர் ஆகும். இதற்குத் தெற்கே சிறிது தொலைவில் முளா-முட்டா ஆறு கிழக்கு நோக்கி ஓடுகின்றது. ஆற்றங்கரையில் வீடு வாங்குபவர் வெள்ளத்தைப் பற்றி வினவாமல் இரார். ஆறு கண்ணுக்குத் தெரியாத இடத்தில் வாங்குபவர் அதனை நினைப்பதே அரிது. ஆயினும் நீர் வரும் வழி ஆறு ஒன்றே அன்று. வெள்ள அபாயம் எவ்வாறு கணக்கிடப்படுகின்றது என்பதையும், அதனால் நேரும் நட்டத்தில் எப்பகுதியைக் காப்பீடு ஏற்கும் என்பதையும் வீட்டுடையோர் அறிந்திருத்தல் நலம்.

புணேயில் ஓடும் முட்டா ஆறு கடக்வாஸ்லா அணையைக் கடந்து நகருக்குள் வருகின்றது. பவனா ஆற்றின் நீரையும் ஏற்று வரும் முளா ஆறு நகரின் நடுவே சங்கம் என்னுமிடத்தில் அதனுடன் கூடுகின்றது. எனவே சங்கத்திற்குக் கிழக்கேயுள்ள பகுதிகள் மூன்று ஆறுகளின் வெள்ளத்தையும் ஒருங்கே காண்பவை.

இந்நகரம் கண்ட பெருவெள்ளம் மழையால் மட்டும் வந்ததன்று. ஆம்பி ஆற்றின் குறுக்கே பான்ஷேத் என்னுமிடத்தில் கட்டப்பட்டு வந்த மண் அணையில், வேலை முற்றுப்பெறுமுன்னரே பருவமழை நீர் தேங்கிற்று. நீரை வெளியேற்றும் மதகின் பணியும் அப்போது முடிந்திருக்கவில்லை. 1961-ஆம் ஆண்டு ஜூலை 12-ஆம் நாள் காலையில் அவ்வணை உடைந்தது. பெருகி வந்த நீரைத் தாங்கமாட்டாமல், கீழேயிருந்த பழைய கற்கட்டு அணையாகிய கடக்வாஸ்லாவும் அன்றே உடைந்தது. கரையோரப் பேட்டைகள் நீரில் மூழ்கின. பல்லாயிரம் குடும்பங்கள் வீடிழந்தன. ஆறுகளின் மாதிரிகளை அமைத்து ஆராயும் மத்திய நீர், மின்திறன் ஆராய்ச்சி நிலையம் அக்கடக்வாஸ்லாவிலேயே உள்ளது என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

மகாராஷ்டிர அரசின் நீர்வளத்துறை ஆற்றின் இருமருங்கும் இரு கோடுகளை வரையறுக்கின்றது. பொதுவாக 25 ஆண்டு வெள்ளம் எட்டும் மட்டத்தை நீலக்கோடும், 100 ஆண்டு வெள்ளம் எட்டும் மட்டத்தைச் சிவப்புக்கோடும் குறிக்கும். ஆற்றுக்கும் நீலக்கோட்டுக்கும் இடைப்பட்ட நிலம் கட்டடத்திற்கு விலக்கப்பட்டது. பூங்கா, விளையாட்டுத் திடல் போன்றவற்றிற்கே உரியது. இரு கோடுகளுக்கும் இடைப்பட்ட நிலத்தில் நிபந்தனைகளுடன் கட்டலாம்.

இப்பெயர்கள் மயக்கம் தருவன. 25 ஆண்டு வெள்ளம் என்றால் 25 ஆண்டுகளுக்கு ஒருமுறை தவறாது வந்து போவது என்றும், சென்ற ஆண்டு வந்துவிட்டமையால் இனி அஞ்சவேண்டுவதில்லை என்றும் பலர் கொள்கின்றனர். அது பிழை. எந்த ஓர் ஆண்டிலும் நீர் அம்மட்டத்தை எட்டுவதற்கு நூற்றுக்கு 4 பங்கு வாய்ப்பு உண்டு என்பதே அதன் பொருள். எட்டாதிருப்பதற்கான வாய்ப்பு 0.96 ஆகும். ஒருவர் 20 ஆண்டுத் தவணையில் கடன் பெற்று, நீலக்கோட்டின்மீது அமைந்த வீட்டை வாங்கினார் எனக் கொள்வோம். 0.96 என்னும் எண்ணை 20 முறை அடுக்கிப் பெருக்கினால் ஏறத்தாழ 0.44 வரும். அதாவது கடன் தீருமுன் ஒருமுறையேனும் நீர் அவர் வாயிலை எட்டுவதற்கு நூற்றுக்கு 56 பங்கு வாய்ப்பு. சிவப்புக்கோட்டின்மீது வீடு இருப்பின் அதே கணக்கின்படி 18 பங்கு. நூறாண்டு வெள்ளம் என்றதும் பேரன் காலத்துக் கவலை என்று ஒதுக்குவோர் இவ்வெண்ணை ஒருகணம் நோக்குவாராக.

இக்கோடுகள் ஆற்றுக்கு உரியவை. அணை உடைவதையும், தெருவோடையில் பெருகும் நீரையும் அவை காட்டமாட்டா. 2019-ஆம் ஆண்டு செப்டம்பர் 25-ஆம் நாள் இரவு, காத்ரஜ் குன்றுகளிலிருந்து வரும் ஆம்பில் ஓடை கரைபுரண்டு குடியிருப்புகளுக்குள் புகுந்தது. அவ்விரவின் மழை வெள்ளத்தில் நகரிலும் சுற்றுப்புறத்திலும் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். 2024 ஜூலை 25-ஆம் நாள், கடக்வாஸ்லாவிலிருந்து வினாடிக்கு ஏறத்தாழ 35,000 கன அடி நீர் திறந்துவிடப்பட்ட வேளையில், சிம்ஹகட் சாலையை அடுத்த ஏக்தா நகரியில் வீடுகளுள் நீர் புகுந்தது. 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கத்திலிருந்து வந்த நீரால் அடையாற்றங்கரை பட்ட பாட்டைத் தமிழர் மறந்திரார். விமான் நகர் போன்ற இடங்களில் ஆற்றைவிட வடிகாலும், அடித்தளத்து வாகன நிறுத்தமுமே முதலில் நோக்கத்தக்கவை. மின்னாக்கியும் நீரேற்று பொறியும் அடித்தளத்தில் இருப்பின், மேல்மாடியிலிருப்பவரும் வெள்ளத்தால் இடர்ப்படுவர்.

இனி இன்ஷூரன்ஸ் எனப்படும் காப்பீடு. அமெரிக்காவில் சாதாரண வீட்டுக் காப்பில் வெள்ளம் அடங்குவதில்லை. அதற்கென 1968-ல் தனித்திட்டம் ஏற்பட்டது. அதிலும் பொதுவாகப் பத்திரம் எடுத்து 30 நாள் சென்ற பின்னரே காப்பு நடைமுறைக்கு வரும்; நீர் ஏறுவதைக் கண்டு வாங்குவதற்கு இடமில்லை. இந்தியாவிலோ புயல், வெள்ளம் ஆகியவை தீக்காப்புப் பத்திரத்துள்ளேயே அடங்கிவந்துள்ளன. தீ என்னும் பெயரைக் கண்டு இதில் வெள்ளம் இராது எனப் பலர் எண்ணிவிடுகின்றனர்.

2021 ஏப்ரல் முதல், காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் ஏற்பாட்டின்படி, பாரத் க்ருஹ ரக்ஷா என்னும் பொதுவடிவப் பத்திரம் வழக்கிலுள்ளது. இதில் கட்டடத்தின் காப்புத்தொகை வீட்டின் சந்தை விலை அன்று. மீண்டும் கட்டுவதற்கு ஆகும் செலவே. நிலத்தின் விலை இதில் சேராது. எடுத்துக்காட்டாக, 800 சதுர அடி உட்பரப்புள்ள வீட்டிற்குச் சதுர அடிக்கு 2,500 ரூபாய் கட்டுமானச் செலவு எனின், காப்புத்தொகை 20 லட்சம் ரூபாய் ஆகும். இதில் நூற்றுக்கு 20 வீதம், அதாவது 4 லட்சம் ரூபாய்வரை, வீட்டுப் பொதுப் பொருள்களுக்குத் தானாகவே காப்பு உண்டு. இதன் உச்சவரம்பு 10 லட்சம். அதற்குமேற்பட்ட பொருளுடையோர் பட்டியல் தந்து கூட்டிக்கொள்ளலாம். ரொக்கப் பணமும் வாகனமும் இதில் அடங்கா. வாடகைக்குக் குடியிருப்போர் பொருள்களுக்கு மட்டும் காப்பு எடுக்கலாம்.

கடன் வாங்கியபோது ஏதோ பிரீமியம் செலுத்தினோம், அதுவே போதும் என்று இருப்பவரும் உளர். அது பெரும்பாலும் கடன் பெற்றவரின் ஆயுளுக்கான காப்பாகவே இருக்கும். சுவரில் நீர் ஏறினால் அதனால் ஒரு காசும் வாராது. பத்திரத்தை எடுத்து ஒருமுறை படித்தலே இதற்கு வழி.

நட்டம் நேர்ந்தால் காப்பு நிறுவனத்திற்கு உடனே அறிவித்தல் வேண்டும். கோரிக்கைப் படிவத்தை 30 நாள்களுக்குள் அளித்தல் வேண்டும். சேற்றைக் கழுவுமுன் சுவரில் நீர் நின்ற அடையாளத்தையும், கெட்டுப்போன பொருள்களையும் படமெடுத்து வைத்தல் மதிப்பீட்டாளருக்குச் சான்றாகும். வெள்ளத்தை அடுத்து 7 நாள்களுக்குள் நிகழும் திருட்டிற்கும் இப்பத்திரத்தில் காப்பு உண்டு. அடித்தளத்தில் நின்று நனைந்த காரின் கதை வேறு: வாகனத்திற்கான முழுக்காப்பே அதற்கு உதவும், அதிலும் நீர் புகுந்த எஞ்சினை முடுக்கிப் பார்த்ததனால் விளைந்த கேட்டிற்குப் பொதுவாக ஈடு கிடைப்பதில்லை.