மஞ்சளாகிப் போன கம்ப்யூட்டர் மறுபடி வெள்ளையாகுமா?



பழைய கம்ப்யூட்டர், கீபோர்டு எல்லாம் வருஷம் போகப் போக மஞ்சளாயிடும். அழுக்குன்னு நினைச்சு சோப்பு போட்டுத் தேய்ச்சாலும் போகாது. ஏன்னா அது அழுக்கே இல்லை. பிளாஸ்டிக்கே மாறிப் போச்சு!

ஏன் மஞ்சளாகிறது?

அந்தப் பெட்டிகள் பெரும்பாலும் ஏபிஎஸ் என்ற பிளாஸ்டிக்கால் ஆனவை. இதில் அக்ரிலோநைட்ரைல், பியூட்டாடையீன், ஸ்டைரீன் என்று 3 பொருள்கள் உண்டு. பியூட்டாடையீன்தான் பிளாஸ்டிக் சட்டென்று உடையாமல் காப்பாற்றுகிறது. ஆனால் அதில் இரட்டைப் பிணைப்பு இருக்கிறது. வெயிலில் உள்ள புற ஊதாக் கதிரும் சூடும் பட்டால், காற்றில் உள்ள ஆக்சிஜன் அங்கே வினைபுரியும். அப்போது உண்டாகும் புதுப் பொருள்கள் நீல ஒளியை உறிஞ்சிக் கொள்ளும். வெள்ளை ஒளியில் நீலம் குறைந்தால் நம் கண்ணுக்கு மஞ்சளாகத் தெரியும்.

எப்படி வெளுக்கிறார்கள்?

1982-ல் வந்த கமடோர் 64, 1987-ல் வந்த அமிகா 500 போன்ற பழைய கம்ப்யூட்டர்களை வெளிநாட்டில் பலர் ஆசையாகச் சேர்த்து வைக்கிறார்கள். அவர்களிடையே 2008-ல் ரெட்ரோபிரைட் என்ற முறை பரவியது.

1. உள்ளே இருக்கும் மின்சாரப் பாகங்களை எல்லாம் கழற்றிவிட வேண்டும்.
2. பிளாஸ்டிக் மூடியை மட்டும் கழுவி, ஹைட்ரஜன் பெராக்சைடு கிரீம் தடவ வேண்டும். (தலைமுடியை வெளுக்கவும் இதுதான்!)
3. காயாமல் இருக்க மெல்லிய பிளாஸ்டிக் தாளால் மூட வேண்டும். காய்ந்தால் திட்டுத் திட்டாகிவிடும்.
4. சில மணி நேரம் வெயிலிலோ புற ஊதா விளக்கின் கீழோ வைத்து, பிறகு நன்றாகக் கழுவ வேண்டும்.

மஞ்சளாக்கினதே வெயில்தானே, அதே வெயில் எப்படி வெளுக்கும்? இங்கேதான் பெராக்சைடின் வேலை. தண்ணீர் மூலக்கூறில் ஆக்சிஜன் அணு 1, பெராக்சைடில் 2. புற ஊதாக் கதிர் அதை உடைக்கும். உடைந்த துண்டுகள் மஞ்சள் பொருள்களைத் தாக்கி மாற்றும். அப்புறம் அவை நீல ஒளியை உறிஞ்சாது. கதிர் ஒன்றுதான், பக்கத்தில் எந்தப் பொருள் இருக்கு என்பதைப் பொறுத்து வேலை மாறுது!

இதைக் கவனியுங்கள்

நிறம்தான் திரும்பும், பலம் திரும்பாது. பியூட்டாடையீன் கெட்டது கெட்டதுதான். வெளுத்த பெட்டிகள் சில வருஷத்தில் மறுபடி மஞ்சளானதும் உண்டு. அதனால் வெளுப்பதைவிட வராமல் காப்பதே மேல். கம்ப்யூட்டரை ஜன்னல் வெயில் படாத இடத்தில் வையுங்கள். வேலை முடிந்ததும் துணி போட்டு மூடுங்கள்.

எச்சரிக்கை: பெராக்சைடு தோலைப் புண்ணாக்கும், கண்ணைக் கெடுக்கும். புற ஊதா விளக்கையும் நேரே பார்க்கக் கூடாது. கையுறை, கண்ணாடி இல்லாமல், பெரியவர்கள் துணை இல்லாமல் யாரும் செய்து பார்க்காதீங்க!

யோசியுங்கள்: பழைய பிளாஸ்டிக் பொருளில் ஸ்டிக்கர் உரிந்த இடம் மட்டும் பெரும்பாலும் வெள்ளையாக இருக்கிறதே, ஏன்? விடை இந்தக் கட்டுரையிலேயே இருக்கிறது.