கல் திரும்பத் திரும்ப வரும் கினிப்பன்றியை வளர்ப்பவர்களுக்கு

அறுவை சிகிச்சை முடிந்து, உள்ளே இருந்த கல்லை ஒரு சின்ன டப்பாவில் போட்டு மருத்துவர் கையில் கொடுத்ததும் தொல்லை தீர்ந்தது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். கல்லை எடுத்தாயிற்று, உண்மைதான். ஆனால் அந்தக் கல்லை உண்டாக்கிய உடம்பு அப்படியேதான் இருக்கிறது. இனி அதற்கான வைத்தியம் பெரும்பாலும் உங்கள் வீட்டில், தினமும் நடக்க வேண்டியது. பல வருடங்களாக இந்தப் பிராணிகளோடு வாழ்ந்தவள் என்ற உரிமையில், புதிதாக வளர்ப்பவர்களுக்குச் சிலவற்றைச் சொல்கிறேன்.

1. அதன் உடம்பைப் புரிந்துகொள்ளுங்கள்.
நம் குடல் தேவையான அளவு கால்சியத்தை எடுத்துக்கொண்டு மீதியை மலத்தோடு தள்ளிவிடும். கினிப்பன்றியின் குடல் அப்படிக் கணக்குப் பார்ப்பதில்லை. தின்றதில் கால்சியம் எவ்வளவு கூடுகிறதோ, அவ்வளவு கூடுதலாக உள்ளே போகும். மிச்சம் சிறுநீரில்தான் இறங்கும். அந்தச் சிறுநீரோ பி.எச். 8, 9 என்ற காரத்தன்மை கொண்டது. அதில் கால்சியம் கார்பனேட் எளிதில் படிகமாகும். போர் தண்ணீர் காய்ச்சிய பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, பெரும்பாலும் அதே பொருள்தான். ஆகவே நல்ல உடல்நிலையில் உள்ள கினிப்பன்றியின் சிறுநீரும் சற்றுக் கலங்கலாகவே இருக்கும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அந்தப் படிகங்கள் வெளியேறாமல் தங்கித் திரளும்போதுதான் கல்.

2. வலியை அது மறைக்கும். நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும்.
பிற விலங்குக்கு இரையாகும் பிராணி நோயை வெளியே காட்டாது. சிறுநீர் போகும்போது கீச்சென்று கத்துவது, முதுகைக் கூனிக்கொண்டு உட்காருவது, அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகப் போவது, பின்பக்கம் எப்போதும் ஈரமாக இருப்பது, பல்லை நறநறவென்று கடிப்பது, பிடித்த காயைக்கூட மோந்துவிட்டு நகர்ந்துபோவது இவையெல்லாம் அடையாளங்கள். முக்கிப் பார்த்தும் சிறுநீரே வரவில்லை என்றால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். ஆணுக்குச் சிறுநீர்க் குழாய் நீளம். கல் அடைத்துக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. பெண்ணுக்குக் குழாய் குட்டை என்பதால் சிறு கல் சில சமயம் வாய்வரை வந்து நிற்கும். மருத்துவர் மயக்கம் கொடுத்து, வயிற்றைக் கிழிக்காமலே அதை எடுத்துவிட வாய்ப்புண்டு. நீங்களாக அழுத்தியோ நோண்டியோ பார்க்கவே கூடாது.

3. கூண்டில் விரிக்கும் துணியைப் படிக்கப் பழகுங்கள்.
வாரத்தில் சில நாள் வெள்ளைத் துணி விரியுங்கள், இரத்தக் கறை உடனே தெரியும். சில நாள் கருநீலமோ கறுப்போ விரியுங்கள், காய்ந்த வெள்ளைப் படிவு தெரியும். அதை விரலால் தேய்த்துப் பாருங்கள். மாவு போல மிருதுவாக இருந்தால் கவலையில்லை. மணல் போல நெருடினால் மருத்துவரிடம் சொல்ல வேண்டிய செய்தி அது. பெண்ணாக இருந்தால், இரத்தம் கருப்பையிலிருந்தும் வரலாம். எங்கிருந்து வருகிறது என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

4. தினமும் எடை பாருங்கள்.
கல் வந்த பிராணி வீட்டில் இருந்தால் கிராம் காட்டும் சமையலறைத் தராசு ஒன்று கட்டாயம் வேண்டும். காலையில் ஒரே நேரத்தில் நிறுத்து, ஒரு நோட்டில் எழுதுங்கள். கண்ணுக்குத் தெரியுமுன் இளைப்பு எண்ணில் தெரிந்துவிடும். 1,000 கிராம் இருந்தது 950 ஆனால் கூர்ந்து கவனியுங்கள். 900 ஆகும்வரை விட்டுவைக்காதீர்கள்.

5. புல்தான் சோறு. மற்றதெல்லாம் தொட்டுக்கொள்ள.
திமோத்தி போன்ற புல்வகைகளின் உலர்புல் நாள் முழுக்கக் கிடைக்க வேண்டும். மருந்து தெளிக்காத, வண்டிப் புகை படாத இடத்து அருகம்புல்லையும் கழுவிக் கொடுக்கலாம். குதிரைமசால் புல் அல்ல, பயறு வகைச் செடி. அதில் கால்சியம் பல மடங்கு அதிகம். வளரும் குட்டிக்கும் சினையாக இருப்பதற்கும் அது ஆகும், கல் வந்த பெரியதற்கு ஆகாது. நெல் வைக்கோலில் சத்து போதாது, அதை நம்பி வளர்க்க முடியாது. பெல்லட் வாங்கும்போது பையின் பின்பக்கத்தைப் படியுங்கள். முதல் பொருள் குதிரைமசாலாக இருந்தாலோ, கால்சியம் கார்பனேட் சேர்த்திருந்தாலோ அது வேண்டாம். நல்ல பெல்லட்டும் நாளுக்கு ஒரு மேசைக்கரண்டிக்கு மேல் தேவையில்லை.

6. கீரை எல்லாம் ஒன்றல்ல.
நமக்கு நல்லது என்று வாங்கும் கீரையே இதற்குக் கெடுதலாகலாம். 100 கிராம் அகத்திக்கீரையில் ஏறக்குறைய 1,000 மி.கி. கால்சியம் இருக்கிறது. முருங்கைக்கீரையில் 300 மி.கி.க்கு மேல். இரண்டையும் அடியோடு நிறுத்துங்கள். பசலை, பார்ஸ்லி, கேல் ஆகியவற்றையும் தவிர்த்துவிடுங்கள். வெள்ளரிக்காய், குடைமிளகாய், லெட்யூஸ் ஆகியவற்றைத் தாராளமாகச் சேர்க்கலாம். கொத்தமல்லி இரண்டு மூன்று தண்டு போதும். அதற்காகக் கால்சியமே இல்லாத சாப்பாடு தேடி அலையாதீர்கள். எலும்புக்கும் பல்லுக்கும் அது வேண்டும், குறைந்தாலும் நோய்தான். புல்லை அடிப்படையாக வைத்தால் அளவு தானாக அமையும்.

7. தண்ணீர் உள்ளே போனால்தான் படிகம் வெளியே வரும்.
ஒரு கிலோ எடையுள்ள கினிப்பன்றிக்கு நாளுக்கு 100 மி.லி. அளவுக்குத் தண்ணீர் தேவைப்படும். பாட்டிலின் முனை அடைத்துக்கொள்ளும், தினமும் விரலால் தட்டிப் பாருங்கள். கூடவே கனமான பீங்கான் கிண்ணத்திலும் வையுங்கள். சில பிராணிகள் கிண்ணத்தில்தான் நிறையக் குடிக்கின்றன. காய்களைக் கழுவிய ஈரத்தோடு கொடுங்கள். போர் தண்ணீர் கடினமாக இருக்கிறதே என்று பலர் கேட்கிறார்கள். நீங்கள் குடிக்கும் தண்ணீரையே அதற்கும் வையுங்கள். ஆனால் கணக்கைப் பாருங்கள்: லிட்டருக்கு 100 மி.கி. கால்சியம் உள்ள தண்ணீரில் 100 மி.லி. குடித்தால் 10 மி.கி. உள்ளே போகிறது. 20 கிராம் அகத்திக்கீரையிலோ 200 மி.கி. தட்டைத் திருத்தாமல் தண்ணீரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. கோடையில் கூண்டைக் குளிர்ச்சியான அறைக்கு மாற்றுங்கள். வெக்கையில் உடம்பு வற்றினால் சிறுநீரும் கெட்டிப்படும்.

8. வைட்டமின் சி-யைக் காய் வழியாகக் கொடுங்கள்.
நம்மைப் போலவே கினிப்பன்றியின் உடம்பாலும் வைட்டமின் சி தயாரிக்க முடியாது. கிலோவுக்கு நாளொன்றுக்கு 10 முதல் 30 மி.கி. வேண்டும். தினமும் 20 கிராம் குடைமிளகாய் இதில் பெரும்பங்கைத் தந்துவிடும். தண்ணீரில் கரைத்து வைக்காதீர்கள். சத்தும் சீக்கிரம் அழியும், சுவை பிடிக்காமல் தண்ணீர் குடிப்பதும் குறையும்.

9. மனிதர் வைத்தியத்தை இதன்மேல் சோதிக்காதீர்கள்.
வாழைத்தண்டுச் சாறு கொடு, நெருஞ்சில் கொடு, சிறுபீளை கொடு என்று அக்கறையோடு சொல்வார்கள். மனிதருக்கு வரும் கல் பெரும்பாலும் கால்சியம் ஆக்சலேட். இதற்கு வருவது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். பொருளே வேறு, உடம்பும் வேறு. எலுமிச்சையோ வினிகரோ கொடுத்துச் சிறுநீரைப் புளிக்கவைக்கலாம் என்பதும் நடவாது. புல் தின்னும் உடம்பு அதைக் காரமாகவே வைத்திருக்கும். திரண்டுவிட்ட இந்தக் கல்லைக் கரைக்க நம்பகமான மருந்து இல்லை.

10. மருத்துவரிடம் கேட்க வேண்டியதைக் கூச்சமில்லாமல் கேளுங்கள்.
நாய், பூனை மட்டும் பார்ப்பவரா, சிறு பிராணிகளும் பார்ப்பவரா என்பதை நோய் வருமுன் விசாரித்து வையுங்கள். இந்தக் கல் எக்ஸ்ரேயில் பளிச்சென்று தெரியும், அதனால் சந்தேகம் வந்தால் படம் எடுக்கச் சொல்லுங்கள். எடுத்த கல்லை ஆய்வுக்கு அனுப்ப முடியுமா, கிருமித் தொற்றும் இருக்கிறதா என்று கேளுங்கள். வாய்வழி அமாக்சிசிலின், ஆம்பிசிலின் போன்ற பென்சிலின் வகை மருந்துகள் இதன் குடலில் உள்ள நல்ல கிருமிகளை அழித்து உயிரையே வாங்கிவிடும். மருந்துச் சீட்டில் அந்தப் பெயர் இருந்தால் அங்கேயே நிறுத்திக் கேளுங்கள். வீட்டில் இருக்கும் வலி மாத்திரையை உடைத்துக் கொடுப்பதும் கூடாது.

11. அறுவைக்கு முன்னும் பின்னும் வயிறு காலியாக இருக்கக் கூடாது.
இதற்கு வாந்தி வராது. ஆகவே நாய்க்குப் போல இரவெல்லாம் பட்டினி போடத் தேவையில்லை. குடல் நின்றுபோவதுதான் இதற்குப் பெரிய ஆபத்து. திரும்பி வந்ததும் தானாகத் தின்னவில்லை என்றால் ஊறவைத்துக் குழைத்த பெல்லட்டைச் சிரிஞ்சில், வாயின் பக்கவாட்டில், கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டுங்கள். புழுக்கை விழுகிறதா என்று எண்ணிப் பாருங்கள். வலி மருந்தை மருத்துவர் சொன்ன நாள்வரை நிறுத்தாதீர்கள். வலி இருந்தால் தின்னாது, தின்னாவிட்டால் பிழைக்காது.

12. ஓட இடமும் பக்கத்தில் துணையும் கொடுங்கள்.
அசையாமல் கிடக்கும் பிராணியின் சிறுநீர்ப்பையில் படிகம் அடியில் தங்கும். தினமும் தரையில் ஓட விடுங்கள். கூடி வாழும் பிராணி இது. ஜோடியைப் பிரித்து வைக்க நேர்ந்தாலும், கம்பிக்கு அப்பால் பார்க்கும்படியாவது வையுங்கள்.

13. மறுபடி வந்தால் உங்களை நொந்துகொள்ளாதீர்கள்.
ஒரே புல், ஒரே காய், ஒரே தண்ணீர் கொடுத்து வளர்த்த இரண்டில் ஒன்றுக்குக் கல் வரும், இன்னொன்றுக்கு வராது. உணவு ஒரு காரணம்தான், பிறவி வாகும் வயதும் உண்டு. மருத்துவர் சொல்லும் இடைவெளியில் எக்ஸ்ரே எடுத்தால், சிறிதாக இருக்கும்போதே பிடிக்கலாம். இன்னொரு அறுவையை இந்த உடம்பு தாங்குமா என்ற கேள்வி ஒருநாள் வரலாம். அப்போது வயது, எடை, அது தின்னும் அளவு, வலியில்லாத நாட்கள் எத்தனை என்பதை உங்கள் நோட்டைத் திறந்து மருத்துவரோடு பேசுங்கள். தாங்காது என்று தெரிந்தால், வலியை நீட்டிக்காமல் அமைதியாக அனுப்பிவைப்பதும் வளர்ப்பவரின் கடமை. அதுவரை புல்லும் தண்ணீரும் தராசும் ஒரு நாளும் தவறக் கூடாது. கல்லை நிரந்தரமாக ஒழிப்பேன் என்று யாராலும் வாக்குக் கொடுக்க முடியாது. ஆனால் வலி வந்த அன்றைக்கே கண்டுபிடிப்பேன் என்ற வாக்கை உங்களால் கொடுக்க முடியும். அதைக் கொடுங்கள்.