விரால் ஏன் சிக்குவதில்லை?

கேள்வி: பணி ஓய்வுக்குப் பிறகு எங்கள் ஊர்க் கண்மாய்க் கரையில் தூண்டிலோடு உட்காருவதைப் பழக்கமாக்கிக்கொண்டேன். மண்புழு கோத்துப் போட்டால் ஜிலேபி மட்டும்தான் வருகிறது. எப்போதாவது ஒரு கெளுத்தி. அதே கண்மாயில் பொடிப்பையன்கள் முழங்கை நீள விராலைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள் ஐயா. எனக்கு மட்டும் ஏன் சிக்கவில்லை?
- வாசகர், சிவகங்கை மாவட்டம்

பதில்: நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள், அந்தப் பையன்கள் நடக்கிறார்கள்.

தக்கையைப் பார்த்தபடி ஒரே இடத்தில் காத்திருப்பது ஜிலேபிக்குச் சரி. 1952-ல் இந்தியாவுக்குள் கொண்டுவரப்பட்ட மீன் அது. பாசி, புழு, சோற்றுப் பருக்கை, எது கிடைத்தாலும் தின்னும். முட்டையையும் குஞ்சையும் தாய்மீன் வாய்க்குள்ளேயே வைத்துக் காப்பதால், விட்ட இடமெல்லாம் பெருகிவிடும். நீங்கள் போடும் புழு விராலின் கண்ணில் படுவதற்குள் ஜிலேபி முந்திக்கொள்கிறது.

விரால், கோரைக்கும் அல்லி இலைக்கும் நடுவே அசையாமல் கிடந்து, பக்கத்தில் துடிக்கிற இரைமேல் பாயும் மீன். நமக்கு வசதியாக அதற்கு ஒரு கட்டாயம் உண்டு: செவுள் மட்டும் போதாமல், காற்றைக் குடிக்க அவ்வப்போது மேலே வந்தே தீர வேண்டும். வெயில் ஏறுவதற்கு முன் கரையோரமாக மெல்ல நடந்து பாருங்கள். கால் அதிர நடக்காதீர்கள், நிழலும் தண்ணீரில் விழ வேண்டாம். இலைகளுக்கு இடையில் 'பொளக்' என்று ஒரு சத்தம், மூக்கு நுனி தெரிந்து மறையும், பின்னால் ஓரிரு குமிழி. ஆள் அங்கேதான் இருக்கிறார். தூண்டிலே இல்லாமல் சில காலைகள் இப்படிச் சும்மா நடந்தாலும் நஷ்டமில்லை. மீன்கொத்தி எந்தக் கொம்பில் உட்காருகிறது, நாமக்கோழி எந்தப் புதரிலிருந்து வெளியே வருகிறது என்பதெல்லாம் அத்துப்படியாகிவிடும். என்னைக் கேட்டால், மீனைவிட இதற்காகத்தான் கண்மாய்க்குப் போக வேண்டும்.

இனி இரை. உயிருள்ள கெண்டைக்குஞ்சு நல்லது. தூண்டில் கடைகளில் விற்கும் ரப்பர் தவளை இன்னும் சுலபம். அதில் முள் உடம்போடு ஒட்டி மேல்நோக்கி இருப்பதால் பாசியில் அவ்வளவாக மாட்டாது. குமிழி பார்த்த இடத்துக்கு அப்பால் வீசி, தவளை தத்துவதுபோல விட்டு விட்டு இழுங்கள். தண்ணீர் பிளந்து தவளை காணாமல் போகும். அந்த நொடியில் கை தானாக வெட்டி இழுத்துவிடும். தவளை மட்டும் வெறுமனே திரும்பி வரும். அவசரப்படாமல் மனசுக்குள் ஒன்று, இரண்டு எண்ணுங்கள். தூண்டில் நரம்பு இறுகிய பிறகு வெட்டினால்தான் முள் ஏறும். ஏறியதும் தாமதிக்காமல் கரைக்கு இழுத்துவிட வேண்டும். விட்டால் கோரைக்குள் புகுந்து நரம்பைச் சுற்றிக்கொள்ளும். (தேளி மாட்டினால் மட்டும் வெறுங்கையால் தொடாதீர்கள். அதன் பக்கத்து முள்ளில் விஷம் உண்டு.)

இன்னொன்று. மழைக்காலத்தில் செக்கச்செவேலென்று விரால் குஞ்சுக்கூட்டம் மேலே வந்து கொப்பளிப்பதைப் பார்ப்பீர்கள். அடியில் தாயும் தகப்பனும் காவல் இருக்கும். அதற்குள் தவளையைப் போட்டால், பசியே இல்லாவிட்டாலும் ஆத்திரத்தில் கடித்துவிடும். அந்தப் பையன்கள் தூக்கிப்போன விராலில் பாதி இப்படி வந்ததாக இருந்தாலும் எனக்கு ஆச்சரியமில்லை. காவல் போன குஞ்சுகளைக் கெளுத்தியும் நீர்க்காகமும் பொறுக்கித் தின்றுவிடும். இதைத் தூண்டில்காரன் சாமர்த்தியம் என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். குஞ்சுக்கூட்டம் தெரிந்தால் நீங்கள் தாண்டிப் போய்விடுங்கள். அறுந்த நரம்பையும் கரையில் போட்டுவிட்டு வராதீர்கள். கொக்கும் நாரையும் காலில் சிக்கிக்கொண்டு சாகின்றன.

உங்கள் கண்மாய் மீன்பாசிக் குத்தகைக்கு விடப்பட்டிருக்கிறதா என்று கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். எடுத்தவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், ஒற்றைத் தூண்டிலோடு வருபவரைப் பெரும்பாலும் யாரும் தடுப்பதில்லை. வலையோடு போனால்தான் சண்டை.