முதலில் எல்இடி, பிறகுதான் டிரைவர்

கராஜில் விளக்குக் கட்டத் தொடங்கியிருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு கிழவன் சொல்வது.

1. எல்இடிக்கு மின்சாரம் ஊட்டும் டிரைவர்களில் எது மலிவாகக் கிடைக்கிறதோ அதை வாங்கி வந்து, "இதுக்கு என்ன எல்இடி போடலாம், மாமா?" என்று கேட்காதீர்கள். கடிவாளத்தை வாங்கிவிட்டுக் குதிரை தேடுகிற கதை அது. எங்கே வெளிச்சம் வேண்டும், எவ்வளவு வேண்டும், அதற்கு எந்த எல்இடி? இவை முடிவான பிறகே டிரைவர்.

2. டிரைவரில் இரண்டு சாதி. ஒன்று வோல்டேஜை மாறாமல் வைத்திருக்கும்; அதன் லேபிளில் 12 அல்லது 24 வோல்ட் என்று ஒரே எண் இருக்கும். ஸ்ட்ரிப்புகளுக்கு அது, ஏனென்றால் கரண்டை மட்டுப்படுத்தும் ரெசிஸ்டர் ஸ்ட்ரிப்பிலேயே உண்டு. மற்றது கரண்டை மாறாமல் வைத்திருக்கும். "350 மில்லி ஆம்பியர், 9 முதல் 36 வோல்ட்" என்பதுபோல எழுதியிருக்கும். ரெசிஸ்டர் இல்லாத தனி எல்இடிகளுக்கு அதுதான். இரண்டையும் மாற்றிக் கொடுத்தால் ஒன்று எரியாது, அல்லது ஒருமுறை மட்டும் எரியும்.

3. கணக்கு சின்னது. வெள்ளை எல்இடி ஒன்று ஏறக்குறைய 3 வோல்ட் எடுக்கும். மீன்வெல் ஏபிசி-12-350 என்ற டிரைவர் மேலே சொன்ன 9 முதல் 36 வோல்ட் ரகம். பன்னிரண்டைத் தொடராகக் கட்டினால் 36 வோல்ட், காகிதத்தில் சரி. ஆனால் குளிரில் எல்இடியின் வோல்டேஜ் சற்று ஏறும். ஜனவரியில், டென்மார்க்கின் ஹேர்னிங்கில், சூடாக்காத கராஜில், எல்லையில் நிற்கிற விளக்கு மின்னி மின்னி அணையும். பத்தோடு நிறுத்துங்கள்: 30 வோல்ட், பத்தரை வாட். டிரைவருக்கும் மூச்சு விட இடம் இருக்கும்.

4. இரண்டு வரிசைகளைப் பக்கம் பக்கமாக, ஒரே 700 மில்லி ஆம்பியர் டிரைவரில் கட்டலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஊரில் தோட்டத்துக்குத் தண்ணி கட்டினவர்களுக்கு இது விளங்கும். பம்ப் இறைக்கிற தண்ணி மாறாது. இரண்டு வாய்க்காலில் பிரிந்து ஓடும். ஒன்று அடைபட்டால் முழுத் தண்ணியும் மற்றதுக்குப் போய் வரம்பை உடைக்கும். அதேபோல ஒரு வரிசை அறுந்தால், 350 தாங்கும் மற்ற வரிசை 700ஐ வாங்கிக் கருகும். அறுந்துபோகாவிட்டாலும் சமமாகப் பிரியும் என்பதற்கு உத்தரவாதமில்லை: எந்த வரிசை சூடாகிறதோ அதன் வோல்டேஜ் இறங்கும், அதனால் அது இன்னும் கூடுதலாக இழுக்கும், இன்னும் சூடாகும். வரிசைக்கு ஒரு டிரைவர் வாங்குங்கள். சில குரோனரை மிச்சம் பிடிக்க இது இடமில்லை.

5. குசினி அலுமாரிக்கு அடியில் ஸ்ட்ரிப் என்றால் 24 வோல்ட் எடுங்கள். மீட்டருக்கு 14.4 வாட் ஸ்ட்ரிப் ஐந்து மீட்டர், மொத்தம் 72 வாட், 3 ஆம்பியர். இதையே 12 வோல்டில் செய்தால் 6 ஆம்பியர். கடைசி மீட்டர் மங்கும். 24லும் மங்கினால் இரு முனையிலிருந்தும் வயர் கொடுங்கள். 72 வாட்டுக்கு 75 வாட் டிரைவர் போதும் என்பவரை நம்பாமல் 100 வாட் போடுங்கள்.

6. மாறாக் கரண்ட் டிரைவருக்கு மெயினைக் கொடுத்துவிட்டு, பிறகு எல்இடியை இணைக்காதீர்கள். சுமை இல்லாத டிரைவரின் கப்பாசிட்டர் உச்ச வோல்டேஜில் நிரம்பி நிற்கும். தொட்ட கணத்தில் முழுவதையும் கொட்டும். ஒரு மின்னல், மூன்று எல்இடி பிணம். இது நான் காசு கொடுத்துப் படித்த பாடம்.

7. சூடு. பவர் எல்இடிக்கு அலுமினியத் தகடு வேண்டும். டிரைவரைக் கூரையின் குளிர்காப்புக் கம்பளிக்குள் புதைக்காதீர்கள். அதன் கப்பாசிட்டரின் ஆயுள் 10 பாகை கூடினால் ஏறக்குறையப் பாதியாகும்.

8. டென்மார்க்கில் சொந்த வீட்டில் விளக்கு மாட்டவும் சுவிச், பிளக்பொயின்ற் மாற்றவும் உங்களுக்கு அனுமதி உண்டு. சுவருக்குள் புதிதாக 230 வோல்ட் வயர் இழுப்பது அனுமதிபெற்ற இலெக்ட்ரீசியனின் வேலை. மின்சாரம் கசிந்தால் இணைப்பைத் துண்டிக்கும் எச்பிஎஃப்ஐ ரிலேயின் டெஸ்ட் பொத்தானை அமர்த்திப் பார்த்துவிட்டு வேலை தொடங்குங்கள். டிரைவரில் "செல்வ்" (SELV) என்ற எழுத்துகளைத் தேடுங்கள். வெளியீடு மெயினிலிருந்து பிரிக்கப்பட்டது, தொடக்கூடிய அளவு வோல்டேஜ் என்று பொருள். 100 வோல்டுக்கு மேல் தள்ளுகிற மலிவு டிரைவர்கள் உண்டு. அவற்றை வெறுங்கையோடு நெருங்காதீர்கள்.

9. எல்லாம் பொருந்தியபின் எல்இடியை மறையுங்கள். இந்த நாட்டின் போல் ஹென்னிங்சன், மின்குமிழ் கண்ணில் படாதபடி தட்டுத்தட்டாக மூடி, 1958இல் பிஎச்5 விளக்கைச் செய்தார். அரை மீட்டர் அகலமானது. பல டேனிஷ் வீட்டு மேசைக்கு மேலே அதைப் பார்த்திருப்பீர்கள். டிசம்பரில் ஏழு மணி நேரமே பகல் உள்ள ஊரில் கூசுகிற வெள்ளையைப் போடாதீர்கள். மென்மஞ்சளான 2700 கெல்வின் போதும்.

வரும் சனிக்கிழமை யார் வந்தாலும் மல்டிமீட்டரோடு வாருங்கள். என்னுடையதைப் பேரன் கொண்டுபோய்விட்டான்.