பீஸ் பிடுங்க ஆள் வர வேண்டாம்! ஸ்மார்ட் மீட்டர் பற்றித் தெரிந்துகொள்வோம்



கரண்ட் பில் கட்டத் தவறினால் நம் ஊரில் என்ன நடக்கும்? கெடு முடிந்ததும் ஈ.பி.காரர் வருவார். "என்னம்மா, இன்னும் கட்டலையா?" என்பார். "பால் பணம் வந்ததும் சாயங்காலமே கட்டிடறோம் தம்பி" என்போம். சில நேரம் விட்டுவிட்டுப் போவார். சில நேரம் பீஸ் கேரியரைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவார். எப்படியானாலும் வாசலுக்கு ஒரு மனுஷர் வந்தாக வேண்டும். ஸ்மார்ட் மீட்டரில் அந்த ஆள் வர வேண்டியதில்லை. இந்த மாதப் பாடம் அதைப் பற்றித்தான்.

ஸ்மார்ட் மீட்டர் என்றால் என்ன?

பார்க்க இப்போதுள்ள மீட்டர் மாதிரிதான் இருக்கும். உள்ளே இரண்டு விஷயம் கூடுதல். ஒன்று, செல்போன் போல அதுவே மின்வாரியத்துக்குத் தகவல் அனுப்பும். ரீடிங் எடுக்க ஆள் தேவையில்லை. இரண்டாவது, மீட்டருக்குள்ளேயே ஒரு சுவிட்ச் இருக்கிறது. அதை வாரியத்தின் கம்ப்யூட்டரிலிருந்தே அணைக்கலாம், போடலாம். அந்த சுவிட்ச் நம் வீட்டில் இருந்தாலும் நம் கையில் இல்லை.

2021-ல் மத்திய அரசு தொடங்கிய திட்டத்தில், நாடு முழுவதும் 25 கோடி பிரீபெய்டு ஸ்மார்ட் மீட்டர் வைப்பது என்று இலக்கு வைத்தார்கள். நம் மாநிலத்தில் முதலில் சென்னை தி.நகரில் வைத்துப் பார்த்தார்கள். மாநிலம் முழுக்க வைப்பதற்கான டெண்டர், விலை அதிகம் என்று 2024 டிசம்பரில் ரத்தானது. நம் தெருவுக்கு வரும்போதுதான் விசாரிப்போம் என்று இருக்க வேண்டாம்.

நல்லதே இல்லையா? இருக்கிறது. ரீடிங் எடுப்பவர் பத்து நாள் தள்ளி வந்தால் யூனிட் கூடி, அடுத்த படிக்குப் போய் பில் எகிறுகிறதே, அந்தத் தொல்லை இருக்காது. பூட்டிய வீட்டுக்குக் குத்துமதிப்பாகக் கணக்கு எழுத முடியாது. தினமும் எத்தனை யூனிட் ஓடியது என்று நாமே பார்க்கலாம். தையல் மிஷினும் கிரைண்டரும் ஓட்டித் தொழில் செய்கிற நமக்கு இது உதவும்.

ஆனால் சுவிட்ச் தூரத்தில் இருந்தால் தவறும் தூரத்திலிருந்தே வரும். 2020 ஆகஸ்ட் 12, கோகுலாஷ்டமி அன்று உத்தரப்பிரதேசத்தில் லட்சத்துக்கும் மேற்பட்ட ஸ்மார்ட் மீட்டர் வீடுகளில் கரண்ட் நின்றது. பில் கட்டியவர்கள் வீட்டிலும்தான். கம்ப்யூட்டரிலிருந்து 'துண்டிக்கவும்' என்ற உத்தரவு தவறுதலாகப் போய்விட்டது. பிறகு அந்த மாநிலத்தில் மீட்டர் வைக்கும் வேலையையே நிறுத்தி வைத்தார்கள்.

பிரீபெய்டு என்றால்?

செல்போன் ரீசார்ஜ் மாதிரி முதலில் பணம், பிறகு கரண்ட். வாரக் கூலி வாங்குகிறவர்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுவது வசதி என்றும் சொல்லலாம். ஆனால் மழைக்காலத்தில் நாலு நாள் வேலை இல்லை என்றால்? போனில் காசு தீர்ந்தால் பேச்சுத்தான் நிற்கும். இதில் தண்ணீர் மோட்டார், பிள்ளைகள் படிக்கிற விளக்கு எல்லாம் நின்றுவிடும்.

மின்சாரச் சட்டம் 2003, பிரிவு 56, பாக்கிக்காகத் துண்டிக்கும் முன் 15 நாள் எழுத்து மூலம் நோட்டீஸ் தர வேண்டும் என்கிறது. பிரீபெய்டில் இந்த 15 நாள் என்னாகும் என்று கிராம சபையிலும் பிரிவு அலுவலகத்திலும் நாம் கேட்க வேண்டும். ராத்திரியிலும் லீவு நாளிலும் துண்டிப்பார்களா? 2016-ல் அறிவித்த, இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் ரீசார்ஜில் எப்படிக் கழியும்? இதையும் கேட்போம். பிரீபெய்டுக்கு டெபாசிட் கேட்கக் கூடாது என்று அதே சட்டத்தின் பிரிவு 47 சொல்கிறது. அப்படியானால் நாம் ஏற்கெனவே கட்டிய டெபாசிட்டுக்கும் கணக்குக் கேட்கலாம்.

மீட்டர் ஓவராக ஓடுகிறது என்று சந்தேகம் வந்தால் புகார் கொடுங்கள். 2024-ல் திருத்திய நுகர்வோர் உரிமை விதிகளின்படி, 5 நாளுக்குள் இன்னொரு மீட்டரைக் கூடவே வைத்து, குறைந்தது 3 மாதம் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். புகார் எண்ணை வாங்காமல் திரும்பாதீர்கள். பழைய மீட்டரைக் கழற்றும்போது அதில் உள்ள கடைசி ரீடிங்கைப் பிள்ளைகளை விட்டு போட்டோ எடுத்து வையுங்கள். பின்னால் தகராறு வந்தால் அதுதான் சாட்சி.

இப்போதே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. பணம் குறைகிறது என்ற எச்சரிக்கை செல்போனுக்குத்தான் வரும். யாருடைய செல்போனுக்கு? பல வீடுகளில் கனெக்ஷன் இறந்துபோன மாமனார் பெயரில் இருக்கிறது. பதிவான நம்பர் திருப்பூரில் வேலை பார்க்கும் மகனுடையது. மெசேஜ் திருப்பூருக்குப் போகும், இருட்டில் உட்கார்ந்திருப்பது நாம்! வீட்டில் இருக்கிற பெண்ணின் நம்பரைப் பதிவு செய்வதுதான் சரி என்பது எங்கள் கருத்து. பெயர் மாற்றத்துக்கு என்னென்ன காகிதம் வேண்டும் என்று பிரிவு அலுவலகத்தில் கேட்டு வையுங்கள்.

அடுத்த குழுக் கூட்டத்துக்கு எல்லோரும் மின் கட்டண அட்டையைக் கொண்டு வாருங்கள். யார் பெயர், எந்த நம்பர், கடைசி பில் எத்தனை யூனிட் என்று ஊக்குநர் ஒரு நோட்டில் எழுதட்டும். எழுதப் படிக்கத் தெரியாத அக்காமார் அட்டையை மட்டும் கொடுத்தால் போதும். நம்பர் மாற்ற வேண்டியவர்கள் ஐந்தாறு பேர் சேர்ந்ததும் ஒரே நாளில் பிரிவு அலுவலகத்துக்குப் போய் வந்துவிடலாம்.