எரிமலைத் தீவுகளில் இரண்டு நாட்கள்

மாணவர்களே, ஆங்கிலத்தில் எரிமலையை ‘வால்கேனோ’ என்கிறோம். அது முதலில் ஒரு தீவின் பெயர். இத்தாலியின் சிசிலிக்கு வடக்கே ஏயோலியன் தீவுகள் என ஏழு தீவுகள் உள்ளன. ஏழும் எரிமலைகள் கக்கியதால் கடலிலிருந்து எழுந்தவை. அவற்றுள் ஒன்று வுல்கானோ. ரோமானியரின் நெருப்புக் கடவுளான வுல்கனின் உலைக்களம் அங்கே இருப்பதாக அக்காலத்தவர் நம்பினார்கள்.

மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் சிசிலிக்குப் படிக்க வந்த ஒரு மாணவி, சனி ஞாயிறு விடுமுறையில் தோழர்களுடன் அங்கே புறப்படுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். மிலாட்சோ துறைமுகத்தில் நாமும் அவர்களோடு படகேறுவோம். நமக்குக் கட்டணம் கிடையாது!

வுல்கானோவில் இறங்கியதுமே அழுகிய முட்டை நாற்றம் வரவேற்கிறது. அது ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு. மலையின் வெடிப்புகளிலிருந்து நீராவியும் வாயுக்களும் வெளிவருகின்றன. வெடிப்புகளின் விளிம்பில் மஞ்சள் கந்தகம் படிந்திருக்கிறது. இம்மலை கடைசியாகக் குமுறியது 1888 முதல் 1890 வரை. அதனால் அணைந்துவிட்டது என்று எண்ணிவிடக் கூடாது. 2021ஆம் ஆண்டின் இறுதியில் வாயுக்களின் அளவு திடீரெனக் கூடியது. துறைமுகப் பகுதி மக்கள் இரவில் தம் வீடுகளில் தங்கக் கூடாதென்று நவம்பரில் உத்தரவு பிறந்தது.

பகலில் இருக்கலாம், இரவில் கூடாதா? ஆம். அஞ்சியது கரியமில வாயுவுக்கு. அது காற்றைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கனமானது. காற்று வீசாத இரவில் பள்ளங்களிலும் கீழ்த்தள அறைகளிலும் தண்ணீர்போல் தேங்கும். நிறமோ மணமோ கிடையாது. உறங்குகிறவருக்கு அது வந்ததே தெரியாது.

அடுத்த தீவு லிப்பாரி. ஒரு தோழன் கரையில் இரண்டு கற்களைப் பொறுக்குகிறான். ஒன்று கறுப்புக் கண்ணாடி போன்ற அப்சிடியன். மற்றது வெளுத்த நுரைக்கல். அப்சிடியன் நீரில் மூழ்குகிறது, நுரைக்கல் மிதக்கிறது. இரண்டும் ஒரேவிதமான பாறைக்குழம்பு விரைவில் குளிர்ந்து உண்டானவைதாம் என்றால் நம்புவீர்களா? கோலி சோடாவை நினைத்துக்கொள்ளுங்கள். கோலியை அழுத்தியதும், கரைந்திருந்த வாயு நுரையாகப் பொங்குகிறதல்லவா? அப்படி நுரைத்து உறைந்தது நுரைக்கல். வாயுவை இழந்தபின் உறைந்தது அப்சிடியன்.

ஞாயிறன்று ஸ்ட்ராம்போலி. கடல்மட்டத்திற்கு மேல் 924 மீட்டர். நீருக்கடியில் அதைப்போல் இரு மடங்கு மறைந்திருக்கிறது. பாறைக்குழம்பில் எழும் குமிழிகள் ஒன்றுசேர்ந்து பெருங்குமிழியாகி உச்சியில் உடைகின்றன. சாதாரணமாகப் பத்து இருபது நிமிடங்களுக்கு ஒருமுறை இப்படி ஒரு வெடிப்பு. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக இது நடந்துவருகிறது. மாலுமிகள் இதனை ‘மத்தியதரைக் கடலின் கலங்கரை விளக்கம்’ என்றார்கள்.

“இன்னும் கொஞ்சம் மேலே போவோமே!” என்கிறான் தோழன். வழிகாட்டி தலையசைத்து மறுக்கிறார். காரணம் இருக்கிறது. சில சமயம் ஆழத்திலிருந்து வாயு நிறைந்த குழம்பு ஒரே மூச்சில் மேலேறிவிடும். 2019 ஜூலை 3 அன்று அப்படிப் பெருவெடிப்பு நேர்ந்து, மலையேறிய ஒருவர் உயிரிழந்தார். ஆகஸ்ட் 28இல் மீண்டும் ஒன்று. அதன்பின் உச்சிக்கு ஏறுவது தடைசெய்யப்பட்டது. கீழே கரையிலும் ஆபத்து உண்டு. 2002 டிசம்பர் 30இல் மலையின் ஒரு சரிவு கடலுக்குள் சரிய, ஆழிப்பேரலை எழுந்து ஊரைத் தாக்கியது. குளிர்காலமாதலால் பயணிகள் அதிகமில்லை; உயிர்ச்சேதம் நேரவில்லை.

ஆகவே நம் நண்பர்கள் இருட்டியதும் படகிலிருந்தே பார்க்கிறார்கள். உச்சியில் செந்நிறப் பொறிகள் சிதறுகின்றன, சத்தமில்லை. மாணவி கடிகாரத்தைப் பார்த்து எண்ணுகிறாள். ஆறாவது வினாடியில் ‘டும்’ என்று கேட்கிறது. ஒளி கண நேரத்தில் வந்துவிடும்; ஒலியோ காற்றில் வினாடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். ஆறு முந்நூற்று நாற்பது 2,040. வெடித்த இடம் படகிலிருந்து ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர். படகு இன்னும் விலகிச் சென்றபின் ஒன்பது வினாடி ஆயிற்றாம். தூரம் எவ்வளவு? நீங்களே கணக்கிடுங்கள்.