கார்டுக்குக் காசு சேர்க்கிறதுக்கு முன்னாடி

கேம் லேக் அடிக்குதுன்னா உன் சந்தேகம் நேரா கிராபிக்ஸ் கார்டு மேலதான் போகும். அம்மாகிட்ட கெஞ்சி, அப்பாகிட்ட மார்க்ஷீட்டைக் காட்டி, எப்படியோ பணத்தைத் தேத்திக்கிட்டு ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குக் கிளம்பிடாதே தம்பி. அக்கா சொல்றதைக் கேட்டுட்டுப் போ. கேம் ஓடும்போது கம்ப்யூட்டருக்குள்ள ஏதோ ஒரு பார்ட்தான் திணறும். மத்ததெல்லாம் அதுக்காகக் காத்துக்கிட்டு நிக்கும். காத்துக்கிட்டு நிக்கிறதை மாத்தி என்ன பிரயோஜனம்? திணறுறது எதுன்னு கண்டுபிடிச்சுட்டு அப்புறம் பர்ஸைத் திற.

முதல்ல நெட்டா, மெஷினான்னு பிரிச்சுக்கோ. மௌஸைத் திருப்பினா கேமரா வழுக்கிக்கிட்டுத் திரும்புது, ஆனா இங்க நின்ன எதிராளி திடீர்னு அங்க நிக்கிறான்னா அது பிங். லட்ச ரூபாய் கார்டு போட்டாலும் அது தீராது. கேமராவே தடுக்கித் தடுக்கித் திரும்புதுன்னா மேல படி.

டெஸ்க்டாப் வச்சிருக்கேன்னா கேபினெட்டுக்குப் பின்னாடி போய்க் குனிஞ்சு பாரு. மானிட்டர் கேபிள் யுஎஸ்பி போர்ட்டுங்களுக்குப் பக்கத்துல சொருகியிருக்கா? அது மதர்போர்டோட போர்ட். அதுக்குக் கீழே படுக்கை வாட்டுல இருக்கிறதுதான் கார்டோடது. கார்டு வாங்கிப் போட்டுட்டு கேபிளை மட்டும் பழைய இடத்துலேயே விட்டுட்டு, "அக்கா, ஒரு வித்தியாசமும் தெரியலை"ன்னு வர்றவங்க இன்னமும் இருக்காங்க. இன்னொண்ணு, 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கினாலும் விண்டோஸ் பல சமயம் அதை 60லேயே ஓட்டும். டிஸ்ப்ளே செட்டிங்ஸ்ல அட்வான்ஸ்டு டிஸ்ப்ளேக்குள்ள போய் நீயாத்தான் மாத்தணும். ரெண்டுக்கும் காலணா செலவில்லை.

இப்போ விஷயத்துக்கு வரேன். விநாடிக்கு 60 ஃபிரேம் வேணும்னா ஒரு ஃபிரேமுக்குக் கிடைக்கிற நேரம் 16.7 மில்லிசெகண்ட். 144 ஃபிரேம்னா 7 மில்லிசெகண்ட் கூட இல்லை. அந்த நேரத்துக்குள்ள சிபியு, அதான் பிராசசர், தன் வேலையை முடிக்கணும், கிராபிக்ஸ் கார்டுல இருக்கிற ஜிபியுவும் முடிக்கணும். கோலம்னு வச்சுக்கோ. எந்த எதிரி எங்க நிக்கிறான், குண்டு எங்க பட்டுச்சுன்னு கணக்குப் போட்டுப் புள்ளி வைக்கிறது சிபியு. இழை இழுத்துக் கலர்ப் பொடி நிரப்புறது ஜிபியு. அதே புள்ளியை வச்சு வாசல் பூரா அகலமாப் போட்டா, பொடி தூவுறவளுக்குத்தான் வேலை ஏறும், புள்ளி வைக்கிறவளுக்கு ஏறாது. ரெசல்யூஷனைக் கூட்டினா நடக்கிறதும் அதேதான். 1080பி திரையில கிட்டத்தட்ட 20.7 லட்சம் பிக்சல், 1440பியில 36.9 லட்சம், 4கேன்னா 82.9 லட்சம், அதாவது 1080பி மாதிரி நாலு மடங்கு.

சோதனையும் இதுலேயே இருக்கு. வி-சிங்க், எஃப்பிஎஸ் லிமிட் ரெண்டையும் ஆஃப் பண்ணு. கேம்ல கூட்டமா இருக்கிற ஒரு இடத்துல நின்னு எஃப்பிஎஸ்ஸைக் குறிச்சுக்கோ. அப்புறம் ரெசல்யூஷனை 1080பியில இருந்து 720பிக்கு இறக்கு. பிக்சல் பாதிக்கும் கீழே போயிடும். எஃப்பிஎஸ் சரசரன்னு ஏறினா திணறினது ஜிபியு. அசையவே இல்லைன்னா சிபியு பக்கம் பாரு. புதுக் கார்டு வாங்கினா அதுவும் சும்மாதான் உட்கார்ந்திருக்கும்.

"டாஸ்க் மேனேஜர்ல சிபியு 30 சதவீதம்தானே காட்டுது?"ன்னு கேட்பே. அந்த நம்பரை நம்பாதே. அது எல்லா கோருக்கும் சேர்த்துப் போட்ட சராசரி. பல கேம்ல முக்கியமான வேலை முழுக்க ஒண்ணு ரெண்டு கோர் தலையிலதான் விழும். எட்டுல ஒரு கோர் மூச்சு முட்ட ஓடினாலும் சராசரியில அது எட்டுல ஒரு பங்காத்தான் தெரியும். அதனால ஜிபியு சதவீதத்தைப் பாரு. 95க்கு மேல நிக்குதுன்னா அது முழு மூச்சா வேலை செய்யுது. 60, 70லேயே தேங்கி நிக்குதுன்னா வேற யாரோ அதைக் காக்க வைக்கிறாங்க. வேலரன்ட், கவுன்ட்டர்-ஸ்ட்ரைக் 2 மாதிரி கேம்ல 200, 300 ஃபிரேமுக்கு ஆசைப்பட்டா பெரும்பாலும் சிபியுதான் முட்டுக்கட்டை. சைபர்பங்க் 2077ல ரே ட்ரேசிங் போட்டா ஜிபியு வாயில நுரை தள்ளிடும். அதே சைபர்பங்க்ல தெருவுல நடமாடுற ஜனக்கூட்டத்துக்கு க்ரவுட் டென்சிட்டின்னு தனி செட்டிங் இருக்கு. அது சிபியு மேல ஏறுற பாரம். ஜிபியு திணறும்போது அதைக் குறைச்சுப் பெரிசா ஒண்ணும் ஆகாது.

லேப்டாப்ல தனி கார்டு இல்லாம, பிராசசருக்குள்ள இருக்கிற கிராபிக்ஸ்லேயே விளையாடுறியா? அப்போ இந்தப் பத்தியை ரெண்டு தடவை படி. அந்த கிராபிக்ஸுக்குன்னு தனி மெமரி கிடையாது, உன் ரேமைத்தான் பங்கு போட்டுக்கும். விலை குறைஞ்ச லேப்டாப் நிறைய 8 ஜிபி ஸ்டிக் ஒண்ணே ஒண்ணோட வருது. டிடிஆர்4 3200 ரேம் ஒரு சேனல்ல விநாடிக்கு 25.6 ஜிபி டேட்டாவைத்தான் கடத்தும். இன்னொரு 8 ஜிபி ஸ்டிக் போட்டு ரெண்டு சேனலாக்கினா 51.2. அளவு கூடினது ஒரு லாபம். பாதையும் ரெண்டு மடங்கு அகலமாகுது, கேமுக்கு முக்கியம் அதுதான். இந்த மாதிரி லேப்டாப்புக்கு இவ்வளவு கம்மிச் செலவுல இவ்வளவு பலன் தர்ற வேற மாத்தம் எதுவும் எனக்குத் தெரிஞ்சு இல்லை. டாஸ்க் மேனேஜர்ல மெமரி பக்கத்துல எத்தனை ஸ்லாட், எத்தனை நிரம்பியிருக்குன்னு போட்டிருக்கும். ஆனா சில மாடல்ல ரேமை போர்டோட சேர்த்தே பத்த வச்சிருப்பாங்க, கடைக்குப் போறதுக்கு முன்னாடி அதைப் பார்த்துடு. டெஸ்க்டாப்ல நாலு ஸ்லாட் இருந்தா பெரும்பாலும் பிராசசர் பக்கத்துல இருந்து ரெண்டாவதுலேயும் நாலாவதுலேயும் போடணும். மதர்போர்டு கையேட்டுல படமே இருக்கும். பயாஸுக்குள்ள போய் எக்ஸ்எம்பியை ஆன் பண்ணவும் மறந்துடாதே. இல்லைன்னா 3200ன்னு காசு கொடுத்து வாங்கின ரேம் 2133லேயோ 2400லேயோ ஊர்ந்துக்கிட்டு இருக்கும்.

இனி கார்டு. "4 ஜிபி கார்டு தம்பி, எல்லா கேமும் ஓடும்"னு யாராவது சொன்னா, எந்த 4 ஜிபின்னு கேளு. ஜிடி 730லேயும் 4 ஜிபி உண்டு, ஜிடிஎக்ஸ் 1650லேயும் 4 ஜிபி உண்டு. 64 பிட் டிடிஆர்3 மெமரி போட்ட 730 விநாடிக்கு 14.4 ஜிபி கடத்தும். ஜிடிடிஆர்5 போட்ட 1650 கடத்துறது 128 ஜிபி. பெட்டி மேல ரெண்டுக்கும் ஒரே நம்பர்தான் பளிச்சுன்னு இருக்கும். கார்டோட மெமரிக்கு, அதான் விரேமுக்கு, முக்கியமான வேலை டெக்ஸ்சரை வச்சுக்கிறது. இடம் இருக்கிறவரைக்கும் டெக்ஸ்சரை ஹையில வச்சாலும் எஃப்பிஎஸ் அவ்வளவா குறையாது. இடம் நிரம்பி வழிஞ்சா கார்டு மெயின் ரேம்ல போய்த் தேட ஆரம்பிக்கும். அப்போதான் மூலை திரும்புறப்ப எல்லாம் படம் ஒரு கணம் உறைஞ்சு நிக்கும்.

செட்டிங்ஸ்ல எல்லாத்தையும் ஒட்டுமொத்தமா லோல போடாதே, பார்க்கச் சகிக்காது. நிழல், மூட்டம், பிரதிபலிப்பு இந்த மூணையும் முதல்ல இறக்கு. நிறைய வேலை வாங்குறது அதுங்கதான், ஓட்டத்துல உன் கண்ணுக்கு வித்தியாசமும் அவ்வளவா தெரியாது. அனிசோட்ராபிக் ஃபில்டரிங்கை 16லேயே விட்டுடு. டிஎல்எஸ்எஸ், எஃப்எஸ்ஆர் இருந்தா குவாலிட்டி மோட்ல வச்சுப் பாரு: 1080பி திரைக்கு உள்ளுக்குள்ள 720பியில வரைஞ்சு பெரிசாக்கிக் கொடுக்கும். டிஎல்எஸ்எஸ்ஸுக்கு ஆர்டிஎக்ஸ் கார்டு வேணும். எஃப்எஸ்ஆர் 2 பழைய கார்டுலேயும் ஓடும். ஆனா சிபியு திணறுற இடத்துல இது ரெண்டும் உதவாது. ஃபிரேம் ஜெனரேஷனை நம்பி 25 எஃப்பிஎஸ்ஸை 50 ஆக்கலாம்னு நினைக்காதே. படம் வழவழன்னு தெரியும், கை அழுத்தினதுக்கு கேம் பதில் சொல்ற வேகம் மட்டும் கூடாது.

எஸ்எஸ்டி எஃப்பிஎஸ்ஸை ஏத்தாது. லோடிங்கைக் குறைக்கும், பெரிய ஓபன் வேர்ல்டு கேம்ல ஓடும்போது வர்ற திக்கலைக் குறைக்கும். 2023ல வந்த ஸ்டார்ஃபீல்டு குறைஞ்சபட்சத் தேவையிலேயே எஸ்எஸ்டி கேட்குது. இன்னும் ஹார்ட் டிஸ்க்லதான் கேமை வச்சிருக்கேன்னா மாத்திடு.

பத்து நிமிஷம் ஜம்முன்னு ஓடிட்டு அப்புறம் எஃப்பிஎஸ் மளமளன்னு சரிஞ்சா, அது சூடு. சிப் தன்னைக் காப்பாத்திக்க வேகத்தைக் குறைச்சுக்குது. நம்ம ஊர் மே மாசத்துல ஃபேன் உள்ளே இழுக்கிற காத்தே அனலா இருக்கும்போது அது எதைக் குளிர வைக்கும்? மெத்தை மேல லேப்டாப்பை வச்சு விளையாடாதே, அடியில இருக்கிற ஓட்டை அடைச்சுக்கும். தூசியைத் தட்டு. சார்ஜரைப் போட்டே விளையாடு. 60 ஹெர்ட்ஸ் திரைக்கு 60லேயே லிமிட் வச்சா சூடும் குறையும், கரண்ட்டும் மிச்சம். லேப்டாப் புதுசா வாங்குறேன்னா கார்டு பேரோட நிறுத்திக்காதே, வாட் கேளு. ஆர்டிஎக்ஸ் 4060 லேப்டாப் கார்டையே 35 வாட்ல இருந்து 115 வாட் வரைக்கும் வச்சுக்கலாம்னு என்விடியா தயாரிப்பாளர்களுக்கு விட்டிருக்கு. ஒல்லி லேப்டாப்ல இருக்கிறதும் தடி லேப்டாப்ல இருக்கிறதும் பேர்லதான் ஒண்ணு.

பழைய கார்டு வாங்கப் போறேன்னா இதையும் கேட்டுக்கோ. 2024ல வந்த இண்டியானா ஜோன்ஸ் அண்ட் தி கிரேட் சர்க்கிள், 2025ல வந்த டூம்: தி டார்க் ஏஜஸ் ரெண்டும் ரே ட்ரேசிங் வசதியுள்ள கார்டைக் கட்டாயமாக் கேட்குது. 2017ல ராஜாவா இருந்த ஜிடிஎக்ஸ் 1080 டிஐக்கு 11 ஜிபி விரேம் இருக்கு, இந்த வசதி இல்லை. உனக்கு அந்த கேம் எல்லாம் வேணாம்னா மலிவாக் கிடைக்கிறப்ப வாங்கு, தப்பே இல்லை. கடையிலேயே ஒரு கால் மணி நேரம் கேம் ஓட்டிக் காட்டச் சொல்லு. திரையில புள்ளியோ கோடோ வருதா, ஃபேன் கரகரன்னு கத்துதா, டெம்பரேச்சர் எங்க போய் நிக்குதுன்னு பாரு. கார்டோட நீளத்தை அளந்துட்டு வந்து உன் கேபினெட்டுக்குள்ள நுழையுமான்னு பாரு. எஸ்எம்பிஎஸ் எத்தனை வாட், கார்டுக்கு வேண்டிய பவர் கனெக்டர் அதுல இருக்கான்னும் பாரு. யுபிஎஸ்ல விஏ நம்பரை விடு, வாட்டைப் படி. 600 விஏன்னு போட்ட யுபிஎஸ் பலதும் 360 வாட்தான் தாங்கும். பில்லுல கார்டோட சீரியல் நம்பரை எழுதி வாங்கிக்கோ. வாரண்டி மிச்சம் இருந்தா பின்னாடி அதைத்தான் கேட்பாங்க.